பூங்கோதை, ஐந்து டப்பா

அக்டோபர் 2, திங்கள்

தம்பி ரெமியின் மகள் போன கிறிஸ்மஸுக்குக் கொடுத்த டைரி இது. ஒன்பது மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று முதல் இதில் என் பவுடரின் எடையைக் குறித்து வைக்கப்போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

பூங்கோதை பவுடர் கம்பெனியை மூடி இரண்டு வருடம் ஆகிறது. திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரை என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்துப் பழைய ஸ்டாக்கைத் திரட்டினேன். இன்று காலை கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர்காரர், "இனிமே எங்கயும் கெடைக்காதும்மா. மனச தேத்திக்கிடுங்க" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லிவிட்டார். என்னிடம் இருப்பது ஐந்து டப்பா. நான்கு சீல் உடைக்காதவை, பீரோவில். ஒன்று கண்ணாடி மேசைமேல், நடப்பில் இருப்பது.

எட்டு வயதிலிருந்து என் முகத்தில் வேறு பவுடர் பட்டதில்லை. அறுபத்தைந்து வயதில் மாற்றுவதாகவும் இல்லை. பச்சை டப்பா, அதில் கைக்கண்ணாடி பார்க்கிற பெண், மூடியைத் திருகினால் வருகிற அந்த வாசம். டெலிபோன் எக்சேஞ்சில் நாற்பது வருடம் ஆபரேட்டராக இருந்தேன். மெட்டில்டா எந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனாள் என்று அடுத்த ஷிப்ட்காரர்கள் வாசத்தை வைத்தே சொல்வார்கள். வெளியூர் டிரங்க் கால் ஒவ்வொன்றுக்கும் சீட்டுப் போட்டு, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எழுதிய கை இது. பவுடரைக் குறிப்பது என்ன பெரிய காரியம்.

ஐந்தில் ஒன்றைத் தொடவே கூடாது. அது நான் போகும்போது என் முகத்துக்கு. மீதி நான்கும் இருக்கிற காலத்துக்கு.

சர்க்கரை வியாதி வந்த பிறகு அரிசியை நிறுத்துத் தின்னச் சொல்லி ரெமி ஒரு சின்னத் தராசு வாங்கித் தந்திருக்கிறான். அதில் போட்டுப் பார்த்தேன். நடப்பு டப்பா 212 கிராம். சீல் டப்பா ஒவ்வொன்றும் 460. காலி டப்பா ஒன்று ஊசி நூல் போட வைத்திருக்கிறேன், அது 60.

அக்டோபர் 3, செவ்வாய்

212. இனி ஞாயிறு பூசைக்கு மட்டும் போடுவது என்று முடிவு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயது.

அக்டோபர் 6, வெள்ளி

நான்கு நாளாக நான் பவுடர் போடவில்லை. இன்று 171.

இசக்கியம்மாளைக் கேட்டேன். பதினெட்டு வருடமாக என் வீட்டில் வேலை செய்கிறவள், வீட்டுச் சாவி ஒன்று அவளிடமே இருக்கிறது.

"எனக்கெதுக்குக்கா பவுடரு? ஒரு வாளி தண்ணி தூக்குனா வேர்வைல மாவு பெசஞ்ச மாதிரி ஆயிரும்" என்று சிரித்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஆனா மத்தியானம் உள்ள பவுடர் வாசம் வரத்தான் செய்யுது. நீங்கதான் எந்திரிச்சுப் போடுதியன்னு நெனச்சேன்" என்றாள்.

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை நான் தூங்குவேன். நாற்பது வருடம் ஷிப்ட் பார்த்த உடம்பு, படுத்தால் கட்டை. யார் எழுந்து போடுவது?

தராசுக்குப் புது பாட்டரி வாங்க வேண்டும்.

அக்டோபர் 9, திங்கள்

ரெமி சீலா மீன் கொண்டுவந்தான். அவன் வீடு அடுத்த தெருதான். வந்தவனைப் பீரோ முன்னால் நிறுத்தி எல்லாவற்றையும் காட்டினேன். சந்தன நிறப் பட்டு, வெள்ளை ஜெபமாலை, பக்கத்தில் ஒரு சீல் டப்பா.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா தேடிக்கிட்டு அலையாத. எல்லாம் இங்ஙனயே இருக்கு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இறந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, முகத்துக்குப் பவுடர் போடுவார்கள். போட்ட டப்பாவைத் திரும்ப வீட்டில் வைக்க மாட்டார்கள். தலைமாட்டில் வைத்துச் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். செத்தவர் முகம் பார்த்த பவுடரை உயிரோடு இருப்பவர்கள் தொடக்கூடாது. ஒரு முழு டப்பா எனக்கென்று வேண்டும் என்பது அதனால்தான்.

ரெமி டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "ஜெசிந்தாக்காவும் இந்தப் பவுடர்தான் போடுவா, என்னக்கா?" என்றான்.

ஆமாம் என்றேன். ஜெசிந்தா எங்களுக்கு மூத்தவள். 1978இல் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள், இருபத்து மூன்று வயது. ஒவ்வொரு வருடமும் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்கு அவளுக்கு மாலை, மெழுகுவர்த்தி, மந்திரிப்பு எல்லாம் நான்தான் செய்கிறேன். ஒரு வருடம்கூட விட்டதில்லை.

மீன் நன்றாக இருந்தது. புது பாட்டரி போட்டாயிற்று. நடப்பு டப்பா 140.

அக்டோபர் 12, வியாழன்

சீல் டப்பாக்களையும் நிறுத்தேன். 460, 460, 460, 255.

சீல் உடையவில்லை. ஒட்டின காகிதம் ஒட்டினபடி இருக்கிறது.

அக்டோபர் 13, வெள்ளி

பீரோவைப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். என்னிடமா இந்த விளையாட்டு.

அக்டோபர் 17, செவ்வாய்

255 ஆக இருந்த டப்பா இன்று 60. ஆட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. சீல் முழுசாக இருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டேன். எக்சேஞ்சில் சூப்பர்வைசரையே அழவைத்தவள். இசக்கியைக் கூப்பிட்டு, பூட்டின பீரோவை எப்படித் திறந்தாய் என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

அவள் இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். "பதினெட்டு வருசம்க்கா. ஒங்க சங்கிலிய குளிக்கிற எடத்துல விட்டுட்டுப் போயிருக்கிய, பென்சன் பணத்த கட்டில்ல போட்டுட்டுப் போயிருக்கிய. இப்ப ஒரு பிடி மாவுக்கு என்னைக் கேக்குதிய."

"அப்போ யாருளா எடுத்தது?"

"அந்தக் கண்ணாடியப் பாருங்க. தெனமும் நாந்தான் தொடச்சுக்கிட்டு வாரேன், ஒங்ககிட்ட சொல்லல. என் கை அம்புட்டு ஒல்லியாவா இருக்கு?"

போய்விட்டாள். அவள் போன பிறகு பார்த்தேன். கண்ணாடியில் ஒரு கை பதிந்திருந்தது, பவுடர்க் கை. விரல்கள் நீளமாக, எலும்பு எலும்பாக இருந்தன. என் கையை அதன்மேல் வைத்துப் பார்க்கவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன். யாருடைய கை என்று யோசிக்கவும் இல்லை. எனக்கு வேறு வேலை இல்லையா.

அக்டோபர் 20, வெள்ளி

பாத்திரம் நானே கழுவுகிறேன். கழுவி முடித்தால் இடது தோள்பட்டை வலிக்கிறது. பழக்கம் இல்லாத வேலை.

இன்று மத்தியானம் தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். நல்ல வெயில். வெளியே ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். மூன்று மணிக்கு மேலே இருக்கும், மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. பிறகு டப்பாவை உள்ளங்கையில் தட்டுகிற சத்தம். தட், தட், தட். மூன்று தட்டு.

பள்ளிக்கூடம் போகும் முன் அக்கா என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கையில் மூன்று தட்டுத் தட்டித்தான் பவுடர் போட்டுவிடுவாள். முகம், கழுத்து, கடைசியில் இரண்டு காதுக்கும் பின்னால். "ஏளா மெட்டி, காதுக்குப் பின்னால போடலேன்னா வாசம் நிக்காதுளா" என்பாள்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. பயம் எல்லாம் இல்லை. மாத்திரை போட்டிருந்ததால் அசதி.

அக்டோபர் 21, சனி

நடப்பு டப்பா 60. பீரோவில் இன்னொன்று 60. மீதி இரண்டு.

அக்டோபர் 24, செவ்வாய்

இசக்கி ரெமியிடம் போய் அழுதிருக்கிறாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"நீயே போட்டுட்டு மறந்திருப்பக்கா. வயசாகுதுல்லா. நாளைக்கி டாக்டர்ட்ட போவோம். ஒன் மொகமே சரியில்ல, வெளுத்துப் போய் இருக்கு."

"டாக்டருக்குப் பவுடர் திருட்டப்பத்தி என்னலே தெரியும்?"

பீரோவைத் திறந்து, இன்று காலை காலியான டப்பாவை அவன் கையில் கொடுத்தேன். அதுவும் சீல் உடையாதது. அவன் அதை ஆட்டினான். காதில் வைத்து ஆட்டினான். சீலை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். ரெமிக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. அப்படி உட்கார்ந்தபோது சின்னப் பையன் மாதிரி இருந்தான்.

"அக்கா, அன்னைக்கு அது அரிசிப் பானைக்குள்ள கெடந்துச்சு. நான் பாத்தேன்."

"எது?"

"ஒன் டப்பா. ஜெசிந்தாக்காவ குளிப்பாட்டுன பொம்பளைய வந்து பவுடர் கேட்டாவ. நீ தீந்து போச்சுன்னு சொன்ன. நான் தண்ணி குடிக்க அடுப்பங்கரைக்குப் போனேன். பானை மூடி சரியா மூடல. அரிசிக்குள்ள பச்சையா தெரிஞ்சிச்சு."

"நீ ஏதோ கனவு கண்டிருக்க."

"எனக்குப் பதிமூணு வயசுக்கா. யார்ட்டயும் சொல்லல. என் பொண்டாட்டிகிட்டகூட இன்னைக்கு வரைக்கும் சொல்லல."

காபி ஆறிப்போயிற்று. குடிக்காமல் எழுந்து போனான்.

மீதி ஒன்று. 460. பட்டுச் சேலைக்குப் பக்கத்தில் இருப்பது.

அக்டோபர் 25, புதன்

ரெமிக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்கிற பழக்கம் உண்டு.

அக்டோபர் 28, சனி

இரண்டு நாளாக எழுதியது எதுவும் நிற்கவில்லை. மழை. இதற்கு முன்னால் கிழிந்திருக்கிற இரண்டு பக்கமும் நான் கிழித்ததுதான். இதைக் கிழிக்காமல் எழுதி முடிக்க வேண்டும்.

1978 ஐப்பசி. எக்சேஞ்சில் முதல் சம்பளம் வாங்கிய அன்று எனக்கென்று ஒரு பூங்கோதை டப்பா வாங்கினேன். அதற்கு முன்னால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே டப்பாதான், தண்ணீர் மாதிரித் தீரும். என் காசில், என் பெயரில், நான் மட்டும் உடைக்கிற சீல். அக்கா அப்போது படுக்கையில். கண்ணும் நகமும் மஞ்சளாக, கை எல்லாம் ஈர்க்குச்சியாக இருந்தாள். டப்பாவைப் பார்த்துவிட்டு, "ஏளா மெட்டி, எனக்கு ஒரு தடவ போட்டு விடுளா, வேர்வை நாத்தமா இருக்கு" என்றாள்.

"ஒனக்குச் சொகமாகட்டும், ரெண்டு பேருமா ஒடைப்போம்" என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. உடைக்க மனசு வரவில்லை.

ஐந்தாம் நாள் போய்விட்டாள். குளிப்பாட்டியவர்கள் பவுடர் கேட்டார்கள். கொடுத்தால் டப்பா அவளோடு பெட்டிக்குள் போய்விடும். சீல்கூட உடைக்காத டப்பா. தீர்ந்து போச்சு என்ற வார்த்தை நான் நினைப்பதற்கு முன்னாலேயே என் வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்கப்புறம் அதை எப்படித் திரும்ப வாங்குவது? அடுப்பங்கரைக்குப் போய் அரிசிக்குள் புதைத்தேன். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கொஞ்சம் குழந்தைப் பவுடர் கொண்டுவந்தார்கள். அந்த மஞ்சள் முகத்தில் அது சுண்ணாம்பு மாதிரித் திட்டுத் திட்டாக நின்றது. காதுக்குப் பின்னால் யாரும் போடவில்லை. மழை வருகிறது என்று அவசரப்பட்டுப் பெட்டியை மூடிவிட்டார்கள்.

ஏழாம் நாள் நான் சீல் உடைத்துப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனேன். வாசம் ஏறினதும் அக்கா பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுதேன். அதற்கப்புறம் நாற்பத்தைந்து வருடம் அந்த வாசத்தை விடவில்லை. கல்யாணப் பேச்சு வந்தது, டிரான்ஸ்பர் வந்தது, எல்லாவற்றையும் விட்டேன், இதை விடவில்லை. அவளுக்குக் கொடுக்காததை வைத்துக்கொண்டே அவளையும் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 31, செவ்வாய்

இசக்கி வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். அவள் வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள், வாங்க என்று சொல்லவில்லை. பதினெட்டு வருடத்தில் நான் அவள் வீட்டு வாசலில் நின்றது இதுதான் முதல் தடவை.

"நான் சொன்னது தப்பு இசக்கி. நீ எடுக்கல."

"அது எனக்குத் தெரியும்க்கா. ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சிச்சு?"

"தெரிஞ்சிச்சு. விடு."

அவள் சோளத்தைக் கிளறிவிட்டாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு, "சாவியத் தாங்க" என்றாள். "வெள்ளிக்கெழம காலைல வாரேன். அதுவரைக்கும் பாத்திரத்த ஊறப் போட்டு வைங்க, ஒங்க மூச்சுக்கு நீங்க ஒண்ணும் கழுவ வேண்டாம்."

நவம்பர் 1, புதன்

கடைசி டப்பா 460. காலையிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தூங்கவில்லை. மூன்று மணிக்கு வாசம் வந்தது. டப்பா மட்டும் குறையவில்லை. நாலு மணிக்கு நிறுத்தேன், 460. ஐந்து மணிக்கும் 460.

மற்ற நான்கையும் கேட்காமல் எடுத்தவளுக்கு இதை எடுக்கத் தெரியாதா? இதை நான் கொடுக்க வேண்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிறாள். அறையில் என் நாற்காலிக்குப் பின்னால்தான் எங்கேயோ.

கொடுத்தால் எனக்கு இல்லை. ரெமிக்குப் பவுடரில் என்ன தெரியும், கைக்கு அகப்பட்டதைப் போட்டுப் பெட்டியை மூடுவான். ஊரே கூடி நிற்கும்போது நான் சுண்ணாம்பு முகத்தோடு கிடப்பேன். இதை நினைத்தால் இப்போதும் நெஞ்சை அடைக்கிறது. அறுபத்தைந்து வயதில் ஒரு டப்பாவுக்கு அழுகிறேன்.

அக்காவும் இருபத்து மூன்று வயதில் அப்படித்தான் கிடந்தாள்.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். மாலை நாலு மணிக்கே கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடம் இல்லை. பூக்காரிகள், மெழுகுவர்த்தி, பெயிண்ட் வாசம். சாமியார் ஒவ்வொரு வரிசையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். ரெமி எனக்கு முன்பே வந்து அக்கா கல்லறையைக் கழுவி வைத்திருந்தான்.

பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். ரெமி பார்த்தான். மெழுகுவர்த்திகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

சீலை நகத்தால் கிழித்தேன். உள்ளங்கையில் மூன்று தட்டுத் தட்டினேன். தலைமாட்டில், சிலுவைக்குக் கீழே, சிமென்டில் தடவினேன். முகம் இருக்கிற இடம். பிறகு கழுத்து. பிறகு இரண்டு பக்கமும், காதுக்குப் பின்னால். "இந்தாக்கா" என்றேன். டப்பாவைக் கவிழ்த்து மீதியையும் கொட்டினேன்.

கடல் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கல்லறையில் மெழுகுவர்த்திகள் அணைந்தன, மாலைகள் புரண்டன. பவுடர் ஒரு துளி பறக்கவில்லை. தண்ணீர் விட்ட மணல் மாதிரிச் சிமென்ட் அதை உறிஞ்சிக்கொண்டது. நான் பார்க்கப் பார்க்க வெள்ளை மங்கி, கழுவின தரை மட்டும் இருந்தது. ரெமி குனிந்து கையால் தடவிப் பார்த்து, உள்ளங்கையை எனக்குக் காட்டினான். சுத்தமாக இருந்தது.

காலி டப்பாவைத் தலைமாட்டு மண்ணில் புதைத்தோம். முறைப்படி அது அவளுடையது.

வீட்டில் மத்தியானம் தோறும் தேடிவந்த வாசம் இப்போது இல்லை. நான்கு காலி டப்பாக்களையும் வழியிலேயே பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டேன். நடந்ததில் நெஞ்சு கொஞ்சம் கனக்கிறது. சீக்கிரம் படுக்க வேண்டும்.

நவம்பர் 3, வெள்ளி

உள்தாழ்ப்பாள் போட்டிருந்ததால், ஏழு மணிக்கு இசக்கி கதவைத் தட்டித்தான் எழுந்தேன். அவ்வளவு தூக்கம் நான் தூங்கியதே இல்லை.

கதவைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"எங்கக்கா கெளம்பிட்டிய, காலங்காத்தால? பவுடர்லாம் பலமா இருக்கு."

"பவுடரா? வீட்ல ஏதுளா பவுடர்?"

"போய்க் கண்ணாடியப் பாருங்க. நல்லா அழகாத்தான் போட்டிருக்கிய."

பார்த்தேன். என் கைக்கு இவ்வளவு சமமாகப் போட வராது. நெற்றி, கன்னம், கழுத்து, எங்கும் ஒரு திட்டு இல்லை. காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் வெள்ளையாக வந்தது. மோந்தேன். பூங்கோதை.

என் உள்ளங்கை இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். நேற்றுக் கல்லறையில் ஒட்டின மெழுகுதான் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. தலையணையில் பவுடர் இல்லை. தரையில் இல்லை. கண்ணாடி சுத்தமாக இருந்தது.

பயமாக இல்லை. இதை நான் பொய்யாக எழுதவில்லை. எட்டு வயதில் போட்டுவிட்டதும் பள்ளிக்கூடம் போகத் தயாராகி நாற்காலியிலிருந்து இறங்குவேனே, அந்த மாதிரி இருக்கிறது. இடது தோள் வலி இறங்கி இப்போது கைவரை வந்திருக்கிறது.

முகம் கழுவவில்லை. இசக்கி காபி போட்டுத் தந்தாள், உதட்டோரம் கலையாமல் குடித்தேன். பீரோவிலிருந்து பட்டுச் சேலையையும் ஜெபமாலையையும் எடுத்துக் கட்டிலில் வைத்தேன். ரெமியைப் போனில் கூப்பிட்டு உடனே வரச் சொன்னேன். என்னக்கா, என்ன விஷயம் என்று பதறினான். ஒன்றும் இல்லை, சேலை கட்டிலில் இருக்கிறது என்றேன். பவுடருக்கு மட்டும் யாரும் அலைய வேண்டாம், போட்டாயிற்று என்றேன்.